சிவப்பு மைப் பதிவு அழியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராணுவத்தில் நாயக்காக இருந்த என் கணவரை இரண்டு வருடத்துக்கு முன் சம்மரி கோர்ட் மார்ஷல் (கமாண்டிங் அதிகாரியே நடத்தும் சுருக்கமான ராணுவ விசாரணை) நடத்தி டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். விசாரணைக் கோப்பின் நகலை நான் ஆர்.டி.ஐ.யில் கேட்டதற்கு, 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுத்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?
– வாசகி, ஆவடி

பதில்: உண்டு. ஆனால் மனுவில் உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டும். ராணுவ விதிகள், 1954-ன் 147-ஆம் விதிப்படி, விசாரிக்கப்பட்டவர் கேட்டால் நகல் கொடுத்தாக வேண்டும். தீர்ப்பை மேலதிகாரி உறுதிசெய்த பிறகே இந்த உரிமை பிறக்கும். சம்மரி கோர்ட் மார்ஷலுக்கு அந்த உறுதிசெய்தலே தேவையில்லை என்பதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

காலம்தான் சிக்கல். 146-ஆம் விதிப்படி ஜெனரல் கோர்ட் மார்ஷல் கோப்பை ராணுவச் சட்டப் பிரிவான ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் அலுவலகத்தில் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சம்மரிக்கு 3 ஆண்டுதான், அதுவும் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். மீதி ஒரு வருடத்தை யூனிட்டோடு கடிதப் போக்குவரத்தில் கரைத்துவிடாதீர்கள்.

'எல்லா ஆவணங்களும் வேண்டும்' என்று கேட்டால் மறுப்பதற்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகும். சர்வீஸ் நம்பர், ரேங்க், விசாரணை நடந்த யூனிட், தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, குற்றச்சாட்டுப் பத்திரம், சாட்சிய சுருக்கம், விசாரணைப் பதிவு, தண்டனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். நகல் வந்ததும் முதலில் 'கில்ட்டி' (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்) என்று எழுதிய பக்கத்தைப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கியதும் 115-ஆம் விதிப்படி அதிலேயே பதிவாகியிருக்க வேண்டும். வெறும் அச்சுப் படிவத்தில் ஒரு சொல்லை மட்டும் நிரப்பியிருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாலு சிவப்பு மைப் பதிவு விழுந்தால் வீட்டுக்கு அனுப்பியே தீர வேண்டுமா? அதை அழிக்க முடியுமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பெரிய தண்டனைகள் கண்டக்ட் ஷீட்டில் (வீரரின் நடத்தைப் பதிவேடு) சிவப்பு மையிலும் சில்லறைத் தண்டனைகள் கறுப்பு மையிலும் ஏறும். நாலு சேர்ந்ததும் தானாக டிஸ்சார்ஜ் என்பது பாரக்ஸ் பேச்சு. 1988 டிசம்பர் 28 தேதியிட்ட ராணுவத் தலைமையகக் கடிதப்படி முதலில் விசாரணை நடக்க வேண்டும். குற்றங்களின் தன்மை, சர்வீஸ் காலம், கஷ்டமான இடங்களில் செய்த பணி எல்லாவற்றையும் எடைபோட வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பதிவைத் தனியாக அழிக்க ரப்பர் கிடையாது. தண்டனையையே ரத்து செய்ய வைத்தால்தான் அது போகும். முதலில் துறைக்குள் மனு. இறுதி உத்தரவு வந்தால் அதிலிருந்து 6 மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். பதிலே வராவிட்டால் 6 மாதம் காத்திருந்து, அடுத்த 6 மாதத்துக்குள் போகலாம். மனு கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு இல்லாவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது.

கேள்வி: பழைய ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை ஸ்கேன் செய்யும் வேலையில் இருக்கிறேன். நகல் கொடுக்கும்போது சாட்சிகள் பெயரைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கிறோம். அது போதுமா?
– வாசகர், சைதாப்பேட்டை

பதில்: போதாது. பி.டி.எஃப். மேல் கட்டம் ஒட்டினால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்வு செய்து காப்பி பண்ணி வேறிடத்தில் ஒட்டினால் பெயர் வந்துவிடும். அதற்கென்று உள்ள ரெடாக்‌ஷன் வசதியில் (எழுத்தையே நீக்கிவிடும் வசதி) மறையுங்கள். இல்லாவிட்டால் மறைத்த பக்கத்தை அச்செடுத்து மறுபடி 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். கோப்பின் பெயரிலும் கவனம் வேண்டும்: உள்ளே அத்தனையும் மறைத்துவிட்டு, ஃபைலுக்குச் சாட்சியின் பெயரையே வைத்து அனுப்புபவர்கள் உண்டு.

யாருக்காக மறைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கோர்ட் மார்ஷலில் நிற்பவருக்குத் தன் வழக்குக்குத் தேவையான கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்தின் உண்மையறியும் விசாரணை) வாக்குமூலங்களைப் பெற 184-ஆம் விதியில் உரிமை உண்டு. வெளியாருக்கான நகலில் போடும் கறுப்புக் கட்டத்தை அவருக்கும் போட்டால் எதிர்வாதமே செய்ய முடியாது. ஆகவே இரண்டு பிரதி வையுங்கள். மூலத்தைப் பூட்டி, யார், எப்போது, எதற்காக எடுத்தார் என்று பதிவேட்டில் எழுதுங்கள். பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. பெயரை மட்டும் மறைத்துவிட்டு குவார்ட்டர்ஸ் எண்ணை விட்டுவைத்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார். அவர்மேல் கோர்ட் மார்ஷல் உண்டா என்று ஆர்.டி.ஐ.யில் கேட்கலாமா?
– பெண்ணின் தந்தை, பெரம்பூர்

பதில்: பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், கிடைக்காது. ஊழியரின் தண்டனை விவரம் தனிப்பட்ட தகவல் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுநலன் இருந்தால் விலக்கு உண்டு. பெண் பார்ப்பது அதில் சேராது. மாப்பிள்ளையிடமே கேளுங்கள்.