அரிசி மண்டி பலகைக்கு எந்த எழுத்துரு?

கேள்வி: கடலூர் லாரன்ஸ் ரோட்டில் அரிசி மண்டி வைத்திருக்கிறோம். புதுப் பலகையில் ‘மண்டி’ என்பது எதிர்சாரியிலிருந்து பார்த்தால் வெறும் திட்டாகத் தெரிகிறது. மாற்றி அடிக்க புதுச்சேரிக்கு ஃபைலை அனுப்பினால், தமிழெல்லாம் ஆங்கில எழுத்தாகிவிட்டது என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மாதிரிப் பட்டியலில் ‘அ’ அழகாக இருக்கிறதே என்று எழுத்துருவை எடுக்காதீர்கள். உங்கள் பெயரிலேயே நெருக்கமான எழுத்து எதுவோ, அதைப் போட்டுப் பாருங்கள். இங்கே அது ‘ண்’. தடித்த எழுத்தில் அதன் மூன்று சுழியும் அடைத்துக்கொள்ளும். மேலே நிழலும் அவுட்லைனும் சேர்ந்தால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் போயே போய்விடும். தூரத்தில் எழுத்தை அடையாளம் காட்டுவது அந்த வெற்றிடம்தான். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் இலவசம். அவற்றில் மீடியம் அல்லது செமிபோல்டு தடிமன் போதும். நிழல் வேண்டவே வேண்டாம். புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியின் நீலத் தெருப் பலகைகளைப் பாருங்கள்: வெள்ளை எழுத்து, அலங்காரம் கிடையாது, வண்டியில் போகும்போதே படித்துவிடலாம்.

உயரத்துக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 அடியிலிருந்து படிக்க 6 அங்குலம். அளக்க வேண்டியது ‘ப’வின் உயரத்தை, ‘டி’யின் கொக்கியைச் சேர்க்கக் கூடாது. அதே பெயரை 1 அங்குல உயரத்தில் தாளில் அச்சிட்டு 10 அடி தள்ளி நின்று பாருங்கள். பலகை 60 அடியில் அதே அளவில்தான் தெரியும்.

இடம் போதாவிட்டால் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். நிற்கும் கோடுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் தடிமனாகவே இருக்கும். இரண்டு வரியாக்குங்கள்.

அக்ரிலிக் எழுத்து என்றால் புள்ளி தனித் துண்டு. ஒட்டு விட்டால் ‘மணடி’தான். புள்ளிக்கும் பின்பக்கம் தனி ஊசி வைக்கச் சொல்லுங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது.

ஃபைல் கெட்டது அநேகமாக பாமினியால். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கிலம் வெளியே வரும், புள்ளி அரைப்புள்ளியாக நிற்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தாலும், பலகை வடிவமைக்கும் மென்பொருளான கோரல்டிராவின் பழைய பதிப்பில் ‘கெ’யின் கொம்பு இடம் மாறலாம். எதுவானாலும் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு கோரல்டிராவில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்–க்யூ அழுத்தி, கர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி அனுப்புங்கள். அதன்பின் அதில் எழுத்துப் பிழை திருத்த முடியாது. அங்கிருந்து பிடிஎஃப் வாங்கி, ஒவ்வொரு புள்ளியையும் சரிபார்த்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள்.