நம் சமூகம் ஆராய்ச்சியை மதிக்கிறதா? பிஎச்.டி. சேரலாமா?

முதுகலை முடித்துவிட்டு, மேலே ஆராய்ச்சிக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை நடக்கும்போதுதான் இப்படி ஒரு கேள்வி எழும். அநேகமாக உங்கள் பெரியப்பா யாராவது "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பாய்?" என்று கேட்டிருப்பார். நெல் குலை நோயில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கும் அப்படி ஒரு பெரியப்பா உண்டு. பிஎச்.டி. முடித்த பெண்ணுக்கு அதைவிடப் படித்த மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று அம்மாவைக் கலங்க வைத்தவர் அவர். தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., பி.எட்., பிஎச்.டி. என்று போடச் சொன்னவரும் அவரே. அப்போது நான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே இல்லை.

நம்மவர்கள் படிப்பை மதிப்பதில்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2021-22 கணக்கெடுப்பில் கல்லூரி வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. தோட்டை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டிய அம்மாக்களுக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டு. ஆனால் அந்த மதிப்பெல்லாம் வேலையில் போய் முடியும் படிப்புக்கு. விடை தெரியாத ஒன்றை வருடக்கணக்கில் உட்கார்ந்து தேடினால் படிக்கிறாள் என்றும் சொல்ல மாட்டார்கள், வேலை பார்க்கிறாள் என்றும் சொல்ல மாட்டார்கள். நாட்டின் பணப்பையும் அப்படித்தான். 2020-21இல் இந்தியா ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்தையும் தென் கொரியா 4 சதவீதத்தையும் எப்போதோ தாண்டிவிட்டன. அங்கே பெரும்பங்கைப் போடுவது தனியார் நிறுவனங்கள். இங்கே அவர்கள் பங்கு பாதிகூட இல்லை. எல்லாப் பழியையும் அரசின் தலையில் போடுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். மார்கழிப் பனி இறங்கும்போது சம்பாப் பயிரில் குலை நோய் பரவும். இலையில் கண் வடிவத்தில் புள்ளி விழும்; நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. கதிரின் கழுத்தைப் பிடித்தால் மணி பால் பிடிக்காமல் பதராகிவிடும். அப்படிப்பட்ட இலைகளைக் காகித உறையில் போட்டு எடுத்துவர டெல்டா கிராமங்களுக்கு பஸ்ஸில் போவேன். ஒரு வயலில் பெரியவர் ஒருவர் பி.பி.டி. 5204 நட்டிருந்தார். அந்த ரகத்தைக் குலை நோய் எளிதில் பிடிக்கும். மருந்துக் கடையில் வாங்கிய இரண்டு புட்டிகளை வரப்பில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன், ஒன்று பூச்சி மருந்து. "ஐயா, இது பூஞ்சாண நோய். பூச்சி மருந்து அடித்துப் பயனில்லை" என்றேன். அவர் சிரித்தார். "நீ படிக்கிற பிள்ளை அம்மா. மருந்து கொடுத்தவர் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறார்" என்றார்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. கடைக்காரர் அறுவடை வரைக்கும் கடன் கொடுக்கிறார், கூப்பிட்டால் போனை எடுக்கிறார், எது கேட்டாலும் உடனே ஒரு பதில் சொல்கிறார். நானோ இலையை வாங்கிக்கொண்டு போய்விடுவேன். ஆய்வு முடிந்து கட்டுரை வரும்போது அந்தப் போகமும் அடுத்த சில போகங்களும் முடிந்திருக்கும். அவர் ஆராய்ச்சியை ஒதுக்கியவரும் இல்லை. சம்பாவுக்கு நட்ட பி.பி.டி. ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. குறுவைக்குப் போடும் ஏ.டி.டி. 43 ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நிலையத்தின் ரகம். பேருந்தில் தினமும் அந்த நிலையத்தைக் கடந்து போகிறவர்களுக்குக்கூட அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெரியாது.

நானும் கடனில்தான் ஓடினேன். உதவித்தொகை ஆணையில் மாதம் 31,000 ரூபாய் என்று இருக்கும். (2023 ஜனவரியில் அது 37,000 ஆனது, அதற்கும் நாடு முழுவதும் மாணவர்கள் போராட வேண்டியிருந்தது.) மாதாமாதம் வருவதாக நினைத்துவிடாதீர்கள். உறுதிப் படிவத்தில் துறைத்தலைவர் கையெழுத்து, பதிவாளர் அலுவலக முத்திரை, இணையப் பதிவேற்றம் எல்லாம் தாண்டி, பல மாதத் தொகை மொத்தமாக வரும். அதுவரை பூஞ்சாணம் வளர்க்கும் அகார் கூழும் பெட்ரி தட்டும் ரசாயனக் கடைக்காரரின் கடன் நோட்டில்தான். எனக்காவது ஆணை இருந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒரு பைசா உதவித்தொகை இல்லாமல், மாலையில் டியூஷன் எடுத்து ஆய்வு செய்கிறவர்கள் எத்தனையோ பேர்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் கிடக்கிறது. வாய்மொழித் தேர்வு அன்று புறத்தேர்வாளருக்கு அறை, கார், பொன்னாடை, வந்தவர்கள் அனைவருக்கும் மதியச் சாப்பாடு எல்லாம் மாணவர் செலவு. எந்த விதியிலும் இது கிடையாது, செய்யாதவரைப் பார்ப்பதும் அரிது. என் தேர்வுக்கு முந்திய வாரம் துறையில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி சைவமா அசைவமா என்பதுதான். அரங்கில் பூஞ்சாணத்தின் மரபணு வேறுபாடு பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்தவர். எல்லாத் துறையும் இப்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நல்ல பேராசிரியர்கள் சொந்தக் காசில் மாணவர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தந்ததையும் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு என் பதில்: சேருங்கள், ஆனால் சமூகம் மதிக்கும் என்று எண்ணிச் சேராதீர்கள். கையில் உதவித்தொகை ஆணை இல்லாமல் பதிவு செய்யாதீர்கள். வழிகாட்டியைப் பார்க்கப் போவதற்கு முன், அவரிடம் முடித்துவிட்டுப் போன மாணவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, எத்தனை வருடத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது என்று கேளுங்கள். பெரியப்பாவிடம் பத்திரிகையில் பெயர் போடுவதைப் பற்றி மட்டும் பேசுங்கள்; சம்மதித்துவிடுவார்.