கம்ப்யூட்டர் பக்கம்: கடைசியாக என்ன இறக்கினீர்கள்?

காட்பாடியில் நான் நடத்தும் சர்வீஸ் கடையின் மேஜையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். மெஷினை யார் கொண்டுவந்தாலும் அதைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை அதில் எழுதிக்கொள்வேன்: "தொந்தரவு ஆரம்பிப்பதற்கு முன் கடைசியாக என்ன இறக்கினீர்கள், எதற்கு ஓகே கொடுத்தீர்கள்?" வந்த வழி தெரியாமல் சுத்தம் செய்தால் பத்து நாளில் அதே மெஷின் அதே நோயோடு திரும்பி வருகிறது. இந்த மாதக் கடிதங்களிலும் பாதிக்கு மேல் இதே சங்கதிதான் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன்.

கேள்வி: திரையின் வலது மூலையில் நிமிடத்துக்கொரு தடவை "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று எச்சரிக்கை வருகிறது. சுத்தம் செய்ய இங்கே அழுத்து என்கிறது. பென்ஷன் கணக்கை இதில்தான் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சத்துவாச்சாரி

ஐயா, பயப்படாதீர்கள், அந்த "இங்கே அழுத்து" என்பதை மட்டும் தொடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வைரஸாக இருக்க வாய்ப்பு குறைவு. ஏதோ ஒரு வலைத்தளம் உங்கள் பிரவுசரிடம் அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கி வைத்திருக்கிறது.

தொரப்பாடியிலிருந்து ஒரு அம்மா இதே தொந்தரவோடு சிபியூவைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் எடுத்து வந்தார். வேறு ஒருவர் எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டாராம். உள்ளே பேரப்பிள்ளைகளின் படங்கள், பிறந்த நாளிலிருந்து. நான் குரோமில் செட்டிங்ஸ், அதற்குள் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய்ப் பார்த்தேன். "அலவ்" என்ற தலைப்பின் கீழ் ஆறு தளங்களின் பெயர்கள் இருந்தன. எதையுமே அந்த அம்மா கேள்விப்பட்டதில்லை. ஆறையும் நீக்கினேன், மூலை அமைதியாகிவிட்டது. வேலை முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. விட்டுப்போன சீரியலைப் பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறார். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது, அழுத்திவிட்டார்.

உங்கள் மெஷினிலும் அந்தப் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மனத் திருப்திக்கு விண்டோஸோடு வரும் ஆன்ட்டி வைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபுல் ஸ்கேன் ஓட்டிவிடுங்கள். இன்னொன்றும் நினைவில் வையுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் ஃபோன் நம்பர் இருக்காது. "இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று வந்தால் அது பொய்.

ரோபோ என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2024-லிருந்து இந்த ரோபோ சோதனையிலேயே ஒரு புது ஏமாற்று நடக்கிறது. விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள், அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் என்டர் என்று பக்குவமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் அறியாமலேயே காப்பியாகியிருக்கும் ஒரு கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்ட வைக்கும் வேலை அது. என்டர் அடித்த மறு நொடி பாஸ்வேர்டு திருடும் ஸ்பைவேர் உள்ளே இறங்கிவிடும். எந்த நல்ல தளமும் அப்படிக் கேட்காது. கேட்டால் பக்கத்தை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

கேள்வி: பிரவுசரைத் திறந்தால் நான் வைக்காத ஒரு தேடல் பக்கம் வருகிறது. மாற்றினால் மறுநாள் மறுபடி வந்துவிடுகிறது. மெஷினும் நத்தை மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் ஒரு டிராயிங் சாஃப்ட்வேரை ஃபுல் வெர்ஷனாக ஃப்ரீயாக இறக்கினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா? புராஜெக்ட் முழுவதும் உள்ளே இருக்கிறது.
— கல்லூரி மாணவர், குடியாத்தம்

தம்பி, "வேறு ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதிய வரிக்கு முந்தைய வரியிலேயே பதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வைத்தியம்.

நெட்டைத் துண்டித்துவிட்டு புராஜெக்ட் ஃபைல்களை வெளி டிரைவில் எடுத்து வை. டாக்குமென்ட், படம், டிராயிங் மட்டும் போதும். இன்ஸ்டால் செய்யும் ஃபைல் எதையும் கூட எடுக்காதே. பிறகு செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன ஆப் பட்டியலைத் திறந்து தேதிவாரியாக அடுக்கு. தொந்தரவு ஆரம்பித்த நாளிலும் அதற்கு முன்பின்னும் வந்தவை மேலே வந்து நிற்கும். அந்த டிராயிங் சாஃப்ட்வேரோடு சேர்ந்து நீ கேட்காத இரண்டு மூன்று விருந்தாளிகளும் இருப்பார்கள். எல்லாவற்றையும் நீக்கு. அடுத்து பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்களான எக்ஸ்டென்ஷன்களைப் பார், நீ போடாததை நீக்கு. "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி குரோம் மெனுவில் தெரிகிறதா? வீட்டு மெஷினில் அந்த வரிக்கு வேலை இல்லை. நீ போட்ட ஆன்ட்டி வைரஸ் எதுவும் அதற்குக் காரணம் இல்லையென்றால், ஏதோ ஒன்று உன் அமைப்புகளைப் பூட்டிப் பிடித்திருக்கிறது என்று சந்தேகப்படு.

மாற்றினாலும் மறுநாள் ஏன் திரும்புகிறது? நீ பார்ப்பது இலையைத்தான், வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்-அப் பட்டியலைப் பார். அப்புறம் டாஸ்க் ஷெட்யூலரையும் திற. தினமும் ஒரு நேரத்துக்கு எழுந்து பழைய பக்கத்தை மறுபடி நட்டுவிட்டுப் போகும் வேலை ஒன்று அங்கே குறித்து வைக்கப்பட்டிருக்கலாம். பலர் கவனிக்காத இன்னொரு வழி, பிரவுசர் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் கூகுள் கணக்கின் சிங்க். மெஷினில் நீக்கிய எக்ஸ்டென்ஷனை அது மேலேயிருந்து மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும். அதனால் சுத்தம் முடியும்வரை சிங்கை நிறுத்தி வை.

இப்போது நெட்டை இணைத்து, வேண்டாத விளம்பர நிரல்களை நீக்க மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஆட்வ்கிளீனரை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டு. கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குப் போய் "மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்" ஸ்கேனைத் தேர்ந்தெடு. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கெட்டிக்கார ஸ்பைவேர் தன்னை மறைத்துக்கொள்ளும். இந்த ஸ்கேன் மெஷினை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன்பே தேடும் என்பதால் ஒளிய இடம் இல்லை. கால் மணி நேரம் பிடிக்கும், நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்.

பாஸ்வேர்டு மாற்றுவதை இந்த மெஷினில் செய்யாதே. உன் ஃபோனில் செய். மெயில் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குக்கும் சாவி அதுதான். ஒவ்வொரு கணக்கிலும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்து. இப்போதைய ஸ்பைவேர்கள் பாஸ்வேர்டோடு பிரவுசரின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகின்றன. குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உள்ளே நுழையலாம்.

ஆஃப்லைன் ஸ்கேன் இரண்டாம் முறையும் அதையே கண்டுபிடித்தால், அல்லது உன் கணக்கில் யாரோ நுழைந்த அடையாளம் தெரிந்தால், தயங்காமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடு. அதற்கு முன்னால் ஃபார்மட் என்பது தலைவலிக்குத் தலையை வெட்டுவது.

சரி, அந்த ஃபுல் வெர்ஷன். லைசென்ஸ் பூட்டை உடைக்கும் கிராக் ஃபைலோடு ஒரு குறிப்பு வந்திருக்குமே, "இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்ட்டி வைரஸை நிறுத்துங்கள்" என்று. திருடனே வந்து நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், நாமும் கட்டிப்போடுகிறோம். டிராயிங் சாஃப்ட்வேர் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவச லைசென்ஸே தருகிறது தம்பி. கல்லூரி மெயிலை வைத்து விண்ணப்பித்துப் பார். படம் வரைய இங்க்ஸ்கேப், ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் என்று காசில்லாமல் நேர்மையாகக் கிடைப்பவை எத்தனையோ. என் நோட்டில் உன் வயதுப் பிள்ளைகளின் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் "கிராக்"தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: பட்டுப்புடவை டிசைன் போடுகிறேன். திங்கட்கிழமை காலை பார்த்தால் எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்றும் திறக்கவில்லை. டாலரில் பணம் கேட்டு ஒரு நோட்பேட் கடிதம் இருக்கிறது. கட்டலாமா?
— டிசைனர், ஆரணி

கட்டாதீர்கள் அண்ணே. கட்டியும் ஃபைல்களைத் திறக்கும் சாவி வராமல் போனவர்கள் உண்டு. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இதன் பெயர் ரான்சம்வேர். நெட் ஒயரைப் பிடுங்குங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களையும் அந்தக் கடிதத்தையும் அழிக்காமல் ஒரு டிரைவில் பத்திரப்படுத்துங்கள். நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் காஸ்பர்ஸ்கை, மெக்கஃபி நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் "நோ மோர் ரான்சம்" என்ற தளத்தைத் தொடங்கின. கடிதத்தையும் பூட்டிய ஒரு ஃபைலையும் அங்கே கொடுத்தால் எந்த வகை என்று சொல்ல முயலும். அந்த வகைக்குச் சாவி கிடைத்திருந்தால் இலவசமாகவே தரும். இன்று இல்லாவிட்டாலும் பிறகு ஒருநாள் வரலாம் என்பதற்காகத்தான் அழிக்க வேண்டாம் என்றேன்.

அதற்குள் வேறு ஒரு இடத்தில் தேடுங்கள். உங்கள் டிசைன் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு தறிக்குப் போகிறதென்றால் பென் டிரைவில்தானே போகிறது? தறிக்காரர்களிடம் இருக்கும் பென் டிரைவ்களை எல்லாம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பாதிக்கப்பட்ட மெஷினில் சொருகாமல் வேறு நல்ல மெஷினில் திறந்து காப்பி எடுங்கள். தறிக்கான வடிவத்தில் இருந்தாலும் டிசைன் உயிரோடு இருக்கும். வாட்ஸ்அப்பில் கடைக்காரர்களுக்கு அனுப்பியவை, பழைய மெயில் எல்லாவற்றையும் துழாவுங்கள். ஒரு பார்டரை வரைய எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு இரண்டு வெளி டிரைவ் வாங்குங்கள். வாரம் ஒருமுறை காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். எப்போதும் சொருகியே இருக்கும் டிரைவையும் ரான்சம்வேர் பூட்டிவிடும்.

கேள்வி: ஆஸ்பத்திரிப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்து வந்தேன். பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. ரிப்போர்ட் போச்சா?
— வாசகி, வேலூர்

போகவில்லை அம்மா, ஒளிந்திருக்கிறது. ஷார்ட்கட் எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள், அதுதான் பொறி. ஃபைல் எக்ஸ்புளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, கூடவே சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பல சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரியும், உங்கள் ரிப்போர்ட் அதற்குள்தான் இருக்கும். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். கம்ப்யூட்டருக்கும் ஒரு ஃபுல் ஸ்கேன் தேவை. ஒரு நாளைக்கு எத்தனை ஊர்க்காரர்களின் பென் டிரைவ் அந்தக் கடை மெஷினில் ஏறி இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். பிரிண்டுக்கென்றே ஒரு பழைய பென் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காசு கொடுத்து ஆன்ட்டி வைரஸ் வாங்க வேண்டுமா?
— வாலாஜாபேட்டை

வீட்டுக்கு டிஃபெண்டர் போதும். இரண்டு ஆன்ட்டி வைரஸை ஒன்றாக மட்டும் ஓடவிடாதீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு பேக்கப் டிரைவ் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-ஐ இன்னும் வைத்திருக்கலாமா?
— ஆம்பூர்

2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான சாதாரண ஆதரவு முடிந்தது. வீட்டு மெஷின்களைக் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க மைக்ரோசாஃப்ட் வழி கொடுத்திருக்கிறது, அப்டேட் பக்கத்தில் பாருங்கள். சேராமல் நெட்டில் ஓட்டாதீர்கள். 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேருக்கு மார்ச்சிலேயே மருந்து வந்துவிட்டது. அப்டேட் போடாத மெஷின்கள்தான் மாட்டின. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷினுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட் நன்றாகப் பொருந்தும்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம் என்றார்கள். எனிடெஸ்க் போடச் சொன்னார்கள், போட்டேன். வங்கி பாஸ்வேர்டையும் அடித்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.
— பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

அம்மா, இந்தக் கடிதத்துக்கு நான் இதழ் வரும்வரை காத்திருக்கவில்லை, அன்றே பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே சொல்கிறேன். எனிடெஸ்க் போட்டால் தூரத்தில் இருப்பவர் உங்கள் மெஷினை இயக்க முடியும், அதனால் உடனே நெட்டைத் துண்டியுங்கள். வங்கிக்கு ஃபோன் செய்து கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் அடுத்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. எந்த நேரத்தில் எவ்வளவு போனது, பரிவர்த்தனை எண் என்ன என்பதை எஸ்எம்எஸ் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். எனிடெஸ்க்கை நீக்கி, மேலே குடியாத்தம் தம்பிக்குச் சொன்ன ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். வங்கி பாஸ்வேர்டை வேறு ஃபோனில் மாற்றுங்கள்.

வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த ஃபோனை உங்கள் வீட்டுக்காரரும் எடுக்கக்கூடும்.