டிக்கெட்டில் சாப்பாடு உண்டா?

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாமே ஏறக்குறைய நாலு மணி நேரப் பறப்பு. கொழும்புக்குப் போகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. ஏறி உட்கார்ந்து நிமிர்வதற்குள் இறங்கிவிடலாம். லண்டன் போகிறவர்களும் கேட்பதில்லை. எப்படியும் தட்டு வந்துவிடும். குழப்பமெல்லாம் இந்த நடுத்தர தூரத்தில்தான். அதே நாளில் அதே ஊருக்குப் போகும் இரண்டு விமானங்களில் ஒன்றில் சூடான சோறும் ஒயினும் கிடைக்கும், இன்னொன்றில் காசு கொடுத்தால்தான் கப் நூடுல்ஸ். இது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். மலிவாகக் கிடைத்த டிக்கெட்டில் சாப்பாடு இல்லையாம். இப்போதே சாப்பாடு வாங்கிவிடவா, உள்ளே போய் வாங்கிக்கொள்ளவா, புளிசாதம் கட்டிக்கொண்டு போகவா? கணவருக்குச் சர்க்கரை உண்டு. (வாசகி, லால்குடி)

முதலில் விமானம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். ராத்திரி பதினொன்றுக்கோ ஒரு மணிக்கோ கிளம்புகிறது என்றால், வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதுதான் நல்லது. கதவு மூடி, மேலே ஏறி, தள்ளுவண்டி உங்கள் வரிசைக்கு வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். நடுநிசி இரண்டு மணிக்குப் பிரியாணி டப்பாவைத் திறக்க யாருக்கு மனசு வரும்?

பகல் விமானம் என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே விற்பதற்கென்று அவர்கள் ஏற்றிவரும் சூடான சாப்பாடு கொஞ்சம்தான். வண்டி முன்னாலிருந்து வந்தால் பின்வரிசைக்காரருக்கு மிஞ்சுவது சிப்ஸ்தான், அதிலும் சைவம் சீக்கிரம் தீரும். முன்பதிவில் விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் கிளம்புவதற்கு ஒரு நாள் முன்னதாகவே பதிவை மூடிவிடுவார்கள், கடைசி நேரத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

உள்ளே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றால் காசு எப்படிக் கொடுப்பீர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். இணையம் இல்லாத இடத்தில் யூபிஐயை நம்ப முடியாது. நம் டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு வழக்கமாக அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் போய் நாம்தான் திறக்க வேண்டும். வெளிநாட்டு விமானத்தின் கார்டு எந்திரத்துக்கு நீங்கள் திருச்சிக்கு மேலே பறந்தாலும் வெளிநாட்டு வாடிக்கையாளர்தான். சில்லறையாகச் சிங்கப்பூர் வெள்ளி கொஞ்சம் கையில் இருந்தால் தொல்லை இல்லை.

புளிசாதம். எனக்கும் ஆசைதான். பாதுகாப்புச் சோதனையில் கட்டுச்சோற்றுக்குத் தடை கிடையாது. தயிர், சட்னி, சாம்பார், ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கில் வந்து, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் மாட்டும். ஆனால் ஸ்கூட், ஏர் ஏஷியா போன்ற நிறுவனங்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் உணவை விமானத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று விதியாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஓரமாக இரண்டு முறுக்கு கடித்தால் யாரும் வந்து பிடுங்கப்போவதில்லை. நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்கப் பொட்டலத்தைப் பிரித்தால் கட்டாயம் வந்து சொல்வார்கள், அப்போது சொல்வது அவர்கள் உரிமை. நல்ல வழி, விமான நிலையத்திலேயே உட்கார்ந்து பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு ஏறுவது.

உங்கள் கணவர் விஷயம் வேறு. சர்க்கரைக்காரருக்கு நேரத்துக்கு வாயில் போட ஏதாவது கையில் இருந்தே ஆகவேண்டும். மருத்துவக் காரணத்துக்கும் கைக்குழந்தைக்கும் விமானங்கள் விட்டுக்கொடுக்கின்றன. மருத்துவர் சீட்டை மருந்தோடு கைப்பையில் வையுங்கள். அவர் இன்சுலின் போடுபவர் என்றால், தட்டு கண்முன் வந்த பிறகுதான் ஊசி. குலுக்கல் ஆரம்பித்தால் பரிமாறுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பணியாளர்களும் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் அரைமணி நேரம் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது என்பதால், இறங்கிய பிறகு மருந்து எப்போது என்பதையும் கிளம்பும்முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சாப்பாட்டை வைத்து டிக்கெட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பெட்டியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மா எத்தனை கிலோவோடு போவார் என்று எனக்குத் தெரியும். ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை எங்கே, கவுன்ட்டரில் கூடுதல் எடைக்குக் கேட்கும் தொகை எங்கே! மலிவு டிக்கெட்டோடு இரண்டு பெட்டி, இரண்டு சாப்பாடு, இருக்கைத் தேர்வு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சாப்பாடும் பெட்டியும் சேர்ந்தே வரும் விமானத்தின் விலையைப் பக்கத்தில் வைத்து அப்புறம் முடிவு செய்யுங்கள். வாங்குவது ஒரு நிறுவனத்திடம், பறப்பது இன்னொன்றில் என்ற கூட்டு டிக்கெட்டுகளும் உண்டு. டிக்கெட்டில் ‘இயக்குபவர்’ என்ற பொடி எழுத்து வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பதிவு செய்யும்போது ‘ஹிந்து மீல்’ என்று இருந்தது. அம்மாவுக்கு அதைப் போட்டேன். கோழிக் குழம்பு வந்தது! அம்மா அன்றைக்கு முழுக்கப் பட்டினி. இது மோசடி இல்லையா? (வாசகர், கும்பகோணம்)

மோசடி இல்லை, ஆனால் பெயர் வைத்தவரை நாலு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். இதே கோழிக் குழம்பை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் ஒரு மாமி மூடியைத் திறந்தார், மூடினார், அவ்வளவுதான். இறங்கும்வரை காபிகூடக் குடிக்கவில்லை.

விமான நிறுவனங்கள் சிறப்பு உணவுகளுக்குப் பொதுவான நாலெழுத்துக் குறியீடுகள் வைத்திருக்கின்றன. ‘எச்என்எம்எல்’ என்பது ஹிந்து மீல். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இருக்காது என்பதுதான் அதன் பொருள். கோழி, ஆடு, மீன், முட்டை வரலாம். உங்கள் அம்மாவுக்குப் போட்டிருக்க வேண்டியது ‘ஏவிஎம்எல்’, ஆசிய சைவம். நம் பக்கத்து மசாலாவோடு, பால் தயிர் சேர்த்து வரும். ‘விஜிஎம்எல்’ என்பதும் சைவம்தான், ஆனால் பால்கூடச் சேராத சைவம். அவித்த கேரட்டும் பீன்ஸும் எண்ணெய் இல்லாத உருளைக்கிழங்குமாக வந்து நிற்கும். தயிர் இல்லாமல் சாப்பாடு முடியாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ‘விஜேஎம்எல்’ ஜைன உணவு: வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. விரத நாளில் பயணம் செய்யும் பெரியவர்களுக்கு இதைப் போடுபவர்கள் உண்டு, நல்ல யோசனைதான். சர்க்கரைக்காரருக்கு ‘டிபிஎம்எல்’.

2018இல் எமிரேட்ஸ் இந்த ஹிந்து மீலை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பக் கொண்டுவந்தது. நிறுத்தியிருந்தால்கூட அம்மாக்கள் பலர் தப்பித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஏவிஎம்எல் என்றாலும் சாம்பார் சாதத்தை எதிர்பார்க்காதீர்கள். அது ஆசிய சைவம் என்ற பெயரில் வரும் வட இந்தியச் சைவம்: பன்னீர், புலாவ், ராஜ்மா. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் போட வேண்டும். ஒரு லாபம், சிறப்பு உணவைத் தள்ளுவண்டி கிளம்பும்முன் முதலில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஒரு ஆபத்து, டிக்கெட் தேதியையோ விமானத்தையோ மாற்றினால் இந்தக் குறிப்பு காணாமல் போகலாம். செக்-இன் கவுன்ட்டரில் ஒரு முறை கேட்டு உறுதி செய்யுங்கள். உள்ளே இருக்கை மாறி உட்கார்ந்தாலும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய இருக்கைக்காரர் ஜைன உணவைப் பார்த்து விழிப்பார்.

விமானத்தில் சரக்கு இலவசம், கேட்கக் கேட்கத் தருவார்கள் என்கிறான் துபாயில் இருக்கும் தம்பி. உண்மையா? (வாசகர், ராமநாதபுரம்)

பாதி உண்மை. இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் மது கிடையவே கிடையாது. வெளிநாட்டுப் பயணத்தில் எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை எகானமியிலும் பீர், ஒயின் இலவசமாகத் தருகின்றன. சவுதியாவிலும் குவைத் ஏர்வேஸிலும் காசு கொடுத்தாலும் இல்லை. மலேசியா ஏர்லைன்ஸ் 2016 முதல் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த பயணங்களில் நிறுத்திவிட்டது. சென்னை–கோலாலம்பூர் அதைவிட நீளம் என்பதால் தப்பித்தது. மலிவு விமானங்களில் இருந்தால் விலைக்குத்தான்.

இந்த இலவசத்துக்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் எகானமியில் என்ன தரலாம், எவ்வளவு தரலாம் என்று விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவே கட்டுப்பாடு வைத்திருந்தது. 1958இல் அட்லாண்டிக் பயணத்தில் எகானமிக்குச் சாண்ட்விச்தான் என்று விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ், ரொட்டி மேல் இறைச்சியும் மீனும் அடுக்கி ஒரு முழு விருந்தையே சாண்ட்விச் என்று பரிமாற, அமெரிக்க நிறுவனமான பான் ஆம் புகார் கொடுத்துப் பெரிய வழக்காயிற்று. 1972இல் தனி நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அப்போது அந்தச் சங்கத்தில் சேரவில்லை, அதனால் கட்டுப்பாடும் இல்லை. எகானமிக்காரருக்கும் இலவச பானம், ஹெட்போன், சாப்பாட்டில் தேர்வு என்று கொடுத்து ஆள் பிடித்தது. பிறகு மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள்.

கேட்கக் கேட்கத் தருவது பணியாளர் விருப்பம். முகத்தைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள், வாதாடாதீர்கள். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய சொந்தப் பாட்டிலை உள்ளே திறக்கக் கூடாது. நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2017இல் கொண்டுவந்த விதிப்படி வாய்த்தகராறுக்கு 3 மாதம் வரை, கைகலப்புக்கு 6 மாதம் வரை பறக்கத் தடை. உயிருக்கு ஆபத்து வரும்படி நடந்தால் குறைந்தது 2 ஆண்டு. தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்.

குடிதண்ணீருக்குக்கூடக் காசா? (வாசகி, விருதுநகர்)

நம் நாட்டு விமான நிறுவனங்கள் எதற்கெல்லாம் தனியாகக் கட்டணம் வாங்கலாம் என்று 2015இல் டிஜிசிஏ ஒரு சுற்றறிக்கை விட்டது. சாப்பாடு, சிற்றுண்டி, பானம் எல்லாம் அதில் உண்டு, ‘குடிதண்ணீர் நீங்கலாக’ என்ற குறிப்போடு. ஆகவே ஒரு குவளைத் தண்ணீர் கேளுங்கள், தருவார்கள். பாட்டில் என்று கேட்டால் விற்பனைப் பட்டியலை நீட்டக்கூடும். வெளிநாட்டு மலிவு விமானங்களில் இன்னும் கறார். காலி பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, சோதனை தாண்டியதும் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சாப்பாடு ஏன் சப்பென்று இருக்கிறது? டீ அதைவிட மோசம். (வாசகர், குன்னூர்)

குன்னூர்க்காரர் டீயைப் பற்றிக் கேட்டால் பயந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. உங்களுக்கு மேலே இருக்கும் ஊட்டியே ஏறத்தாழ 7,300 அடிதான். அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியிலும் அப்படித்தானே, அங்கே டீ நன்றாகத்தானே இருக்கிறது என்பீர்கள். அங்கே தூளைப் போட்டுக் கொதிக்க விடுகிறோம். இங்கே பைதான், ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதோடு உள்ளே காற்று பாலைவனம்போல வறண்டிருக்கும். மூக்கு காய்ந்தால் மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் ருசி ஏது? உப்பும் இனிப்பும் மேலே மந்தமாகத் தெரிகின்றன. புளிப்பும் காரமும் அவ்வளவாகக் குறைவதில்லை. கீழே தொட்டுப் பார்க்காத தக்காளி ஜூஸை மேலே பலர் விரும்பிக் குடிப்பதும் உண்டு.

சாப்பாடு சமைத்ததும் அங்கே இல்லை. தரையில் சமைத்து, வேகமாகக் குளிரவைத்து, குளிரிலேயே வைத்து ஏற்றி, மேலே அடுப்புப் பெட்டியில் சுடவைப்பார்கள். தீ கிடையாது. ஆகவே குழம்பில் ஊறும் வகைகளைத் தேர்ந்தெடுங்கள். கறி, பருப்பு, பிரியாணி எல்லாம் இரண்டாம் சூட்டைத் தாங்கும். தோசை, ஆம்லெட், வறுவல் தாங்காது, ரப்பராகிவிடும்.

மூன்றரை மணி நேரம் தாமதம். ஒரு பிஸ்கட்கூடத் தரவில்லை. கேட்டிருக்கலாமா? (வாசகர், சென்னை)

கேட்டிருக்கலாம். டிஜிசிஏ விதிப்படி இரண்டரை மணி நேரம் வரையான பயணத்துக்கு 2 மணி, இரண்டரை முதல் ஐந்து மணி வரையான பயணத்துக்கு 3 மணி, அதற்கு மேற்பட்டதற்கு 4 மணி தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். சிங்கப்பூர், துபாய் எல்லாம் நடுவில் இருக்கும் கணக்கு. கேட் அருகே போய்க் கேட்டால் பெரும்பாலும் கூப்பன் வரும். கேட்காதவர் வரிசையைத் தேடி யாரும் கொண்டுவந்து தருவதில்லை.

முன்பே பணம் கட்டிய சாப்பாடு ஏற்றப்படவில்லை என்று கையை விரித்தார்கள். பணம் திரும்புமா? (வாசகி, ஈரோடு)

திரும்ப வேண்டும். எனக்கும் ஒரு முறை நடந்தது. பணியாளரிடம் ‘தரப்படவில்லை’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினேன், போர்டிங் பாஸோடு படம் பிடித்து அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று நினைவூட்டலுக்குப் பிறகு அடுத்த பயணத்துக்கான கூப்பன் தருகிறோம் என்றார்கள். கூப்பன் வேண்டாம், கட்டிய வழியிலேயே பணம் வேண்டும் என்றேன், வந்தது. உள்ளே மாற்றாக எதையாவது நீட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னால், வாங்கும்போதே ‘இது அதற்கு ஈடு அல்ல’ என்று சொல்லிவிடுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

சாப்பிடாத டப்பாவை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா? (அதே வாசகி)

பிரிக்காத பிஸ்கட், கடலைப் பொட்டலம் என்றால் தாராளமாக. கறி, முட்டை உள்ள டப்பாவை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் சுங்கத்தைத் தாண்டப் பார்க்காதீர்கள். போர்வை டிக்கெட்டில் சேர்த்தி இல்லை.