எக்ஸ்பியில் திடீரென வரும் லாகின் திரை

வணக்கம். சில மென்பொருள்கள் இயங்கத் தேவையான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 1.1 போட்ட பிறகு, அப்பாவின் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒவ்வொரு முறையும் பெயரைக் கிளிக் செய்யச் சொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், இது வைரஸ் இல்லை. அந்த மென்பொருள் ஏஎஸ்பி டாட்நெட் என்ற பெயரில் மறைவாக ஒரு கணக்கை உருவாக்கிவிடும். இரண்டாவது கணக்கு வந்ததும், யார் நுழைவது என்று விண்டோஸ் கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

ஸ்டார்ட், ரன் போய், கண்ட்ரோல் யூசர்பாஸ்வேர்ட்ஸ்2 என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். கண்ட்ரோலுக்குப் பின் மட்டும் இடைவெளி, மற்றதெல்லாம் சேர்த்து. வரும் பட்டியலில் முதலில் அப்பாவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் மேலே, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கட்டாயம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு அப்ளை கொடுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும். இதுவரை வைக்கவில்லை என்றால் காலியாகவே விட்டு ஓகே கொடுங்கள். பலரும் இங்கேதான் எதையாவது டைப் செய்து மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த ஏஎஸ்பி டாட்நெட் கணக்கை அழித்தாலும் பிரச்சினை தீரும். ஆனால் ஃபிரேம்வொர்க்கை மறுபடி நிறுவினால் திரும்ப வரலாம், அதனால் மேலே சொன்ன வழியே நல்லது.

ஒன்று மட்டும்: எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அதில் வங்கி வேலை செய்ய அப்பாவை விடாதீர்கள்.