தண்ணீருக்குள் இறக்கை: கேள்வி பதில்

பள்ளத்தூர் மாணவி: ஐயா, 2 கிலோவில் மாடல் படகு செய்தேன். ஓடும்போது படகைத் தண்ணீருக்கு மேலே தூக்க அடியில் இறக்கை (ஹைட்ரோஃபாயில்) வைத்தும் எழும்பவில்லை. இறக்கையைப் பெரிதாக்கட்டுமா?

முதலில் வேகத்தைப் பாரம்மா. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசியாகிவிடும். நொடிக்கு 2 மீட்டர் ஓடினால், நாலைந்து டிகிரி சாய்வில் 40 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமுள்ள இறக்கை உன் படகைத் தூக்கிவிடும். 1 மீட்டர்தான் ஓடுகிறது என்றால் நாலு மடங்கு பரப்பு வேண்டும். அதன் இழுவையே படகை ஓடவிடாது. எடையைக் குறை, மோட்டாரை மாற்று. அப்புறம், ஊருணியில் சோதிக்காதே. அது குடிதண்ணீர். பெரியவர் ஒருவரோடு கண்மாய்க்குப் போ.

தேவகோட்டை வாசகர்: இப்படி இறக்கையால் எழும்பும் படகுக்கு முன்னோடி யார்?

இத்தாலியின் என்ரிகோ ஃபோர்லானினி, 1906, மஜ்ஜோரே ஏரி. கிரகாம் பெல் குழுவின் எச்.டி.-4 படகு 1919-இல் மணிக்கு 114 கி.மீ. தொட்டது.

காரைக்குடி வாசகர்: இறக்கையின் மேல்பக்கம் வளைவு, தூரம் அதிகம். கீழே போகும் தண்ணீரோடு ஒரே நேரத்தில் சேரத்தான் மேலே வேகமாக ஓடுகிறது, சரிதானே?

இல்லை. பிரிந்த தண்ணீர் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. மேலே போவது முந்திக்கொண்டு போய்விடுகிறது. அடுப்படியில் ஒரு ஸ்பூன் எடுங்கள். காம்பு நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகு மட்டும் குழாய்த் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். வெளியே தள்ளும் என்றுதான் நினைப்போம், உள்ளே இழுக்கும். தண்ணீரைக் கவனியுங்கள்: முதுகோடு ஒட்டி வளைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். ஸ்பூன் தண்ணீரை ஒரு பக்கம் திருப்புகிறது, தண்ணீர் ஸ்பூனை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இறக்கையும் தண்ணீரைக் கீழே திருப்பித்தான் மேலே எழுகிறது.

அதே வாசகர்: அப்போது, வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று விஞ்ஞானி பெர்னூலி சொன்னது பொய்யா?

பெர்னூலி மேல் குற்றமே இல்லை. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு, இரண்டும் உண்மை. வேகத்துக்குச் சொல்லும் காரணம்தான் தப்பு. இரண்டு பக்கமும் ஒரே வளைவுள்ள இறக்கையில் தூரம் சமம்தான். அதையும் கொஞ்சம் சாய்த்தால் தூக்குகிறதே, எப்படி? இந்தத் தப்பை நம் பிள்ளைகள் இன்னும் மனப்பாடம் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

கோட்டையூர் வாசகர்: மேலே தூரம் அதிகம் என்பதால்தானே தூக்குகிறது?

ஸ்பூனை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஃபாயில் பலகையை (அடியில் தண்டும் இறக்கையும் உள்ள, ஏறி நின்று ஓட்டும் பலகை) தொண்டிக் கடலில் ஓட்டினேன். அலுமினியத் தண்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. கழற்ற முடியவில்லை.

உப்புத்தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி, கரைவது அலுமினியம். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. சுத்தியலால் தட்டாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். கழன்றதும் மரையில் மின்சாரம் கடத்தாத பசை தடவுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

புதுவயல் வாசகர்: ஃபாயில் பலகையை ஊருணியில் ஓட்டலாமா?

கூடாது. மேலேயே சொல்லிவிட்டேன். கண்மாயிலும் ஆழம் பார்க்காமல் ஏறாதீர்கள். தண்டு மட்டுமே 75 செ.மீ. இருக்கும். இறக்கை மண்ணில் முட்டினால் பலகை அங்கேயே நின்றுவிடும், நீங்கள் தலைகுப்புற முன்னால் விழுவீர்கள். இறக்கையின் ஓரம் கத்தி மாதிரி. தலைக்கவசம் கட்டாயம்.