ஆழ்கடல் உயிரினங்கள் எப்படி ஒளிர்கின்றன, எதற்காக?

மின்மினியைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே வேலைதான். லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதி அதை முடுக்கிவிடுகிறது. சூடு இல்லை என்றே சொல்லலாம். பலவற்றுக்கு இந்த ஒளி சொந்தச் சரக்கு. தூண்டில் மீனுக்கோ இரவல். பெண் மீனின் தலைக்கு முன்னால் தொங்கும் குமிழுக்குள் ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை நம்பிக் கிட்டே வந்த இரை நேரே வாய்க்குள் போகும்.

எனக்கு இதைவிட வியப்பு, ஒளிந்துகொள்வதற்காகவே ஒளிர்வது. 200 மீட்டருக்குக் கீழே, மேலிருந்து மங்கலான வெளிச்சம் மட்டும் கசியும். அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் எதிரிக்கு மீன் கருநிழலாகத் தெரிந்துவிடும். கோடாரி மீன் வயிற்றில் வரிசையாக இருக்கும் ஒளியுறுப்புகளை அதே மங்கலுக்கு எரியவிட்டு, தன் நிழலையே அழித்துவிடுகிறது.

அப்புறம் அடோலா ஜெல்லி மீன். எதுவும் தாக்கினால் அதன் உடலைச் சுற்றி நீல வெளிச்சம் சக்கரமாக ஓடும். தாக்குபவனைத் தின்ன அவனைவிடப் பெரியவன் வருவான் என்ற கணக்கு! எடித் விடர் என்ற ஆய்வாளர் இதே மாதிரி மின்னும் போலி ஜெல்லியைக் கேமராவோடு கடலில் இறக்கினார். 2012-ல் ஜப்பான் அருகே ராட்சதக் கணவாயே அதைத் தேடி வந்து படத்தில் சிக்கியது.

நிறம் பெரும்பாலும் நீலம்தான், கடல்நீரில் அதிக தூரம் போவது அதுவே. சிவப்பு அங்கே அநேகமாக எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அந்தச் சிவப்பையே டார்ச் மாதிரி அடித்து, இரைக்குத் தெரியாமல் வேட்டையாடும் டிராகன் மீனும் உண்டு.